கண்ணாடி போட்ட இடையர்

என் நைனா போன பிறகு வீடு தம்பிக்கு, பொம்மைகள் எனக்கு என்று பேசி முடித்தோம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ராயபுரத்துச் சந்தில் ஒண்டுக்குடித்தனம் மாதிரி இருக்கிற அந்த வீட்டை நான் கேட்கவும் இல்லை. பொம்மைகளைத்தான் கேட்டேன். தம்பி சிரித்தான். "இன்னாக்கா, நீ சின்ன வயசுல அத்த பாத்தாலே மூஞ்ச திருப்பிக்குவியே, இப்ப இன்னா திடீர் பாசம்?" என்றான். பழைய பொருள், ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று சொன்னேன். சொன்னது பொய்.

நைனா என்று எழுதுவதற்கே எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. கல்யாணமாகி வேளச்சேரிக்குப் போன முதல் மாதத்திலேயே அவரை நான் 'அப்பா' ஆக்கிவிட்டேன். போனில் யாராவது பக்கத்தில் இருந்தால் 'அப்பா, சாப்பிட்டீங்களா' என்பேன். "சாப்ட்டேம்மா" என்பார். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு வாய் அப்படி.

பொம்மைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு டஜன் ஈயச் சிப்பாய்கள். எல்லாரும் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து விறைப்பாக நிற்பவர்கள். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பவை. ஆனால் அவர்களைச் சிப்பாய்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நைனாவுக்கு ஹார்பரில் பெயிண்டர் வேலை. கிரேன்களுக்கு நம்பர் எழுதுவார், மிதவைகளுக்கு மஞ்சள் அடிப்பார். மிஞ்சின பெயிண்டைச் சின்ன டப்பாக்களில் கொண்டுவந்து, கிறிஸ்மஸ் குடிலுக்காக அந்தச் சிப்பாய்களை இடையர்கள் ஆக்கினார். துப்பாக்கிக்கு மரக்கலர் அடித்தார், அது இடையனின் கோல் ஆனது. தொப்பிக்கு வெள்ளை அடித்தார், அது தலைப்பாகை ஆனது. இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட கைலி. பெத்லகேமில் குழந்தை யேசுவைப் பார்க்க ராயபுரத்துக் கைலிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

தெருவுக்கே அந்தக் குடில் பிடிக்கும். எனக்கு மட்டும் பிடிக்காது. பள்ளிக்கூடத் தோழிகள் வீட்டுக் குடில்களில் கடையில் வாங்கின இடையர்கள், நீள அங்கி, தோளில் ஆட்டுக்குட்டி. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருத்தி பார்த்துவிட்டு, "உங்க வீட்டு மேய்ப்பன் டீக்கடைக்குப் போறாப்ல இருக்கான்" என்றாள். அன்று நான் அழுத அழுகையில் நைனா எனக்கு ஒரு கதை சொன்னார். இவை சாதாரணப் பொம்மை இல்லை, தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் தன் கையால் கொடுத்தவை, சீமையில் செய்தவை, உள்ளே சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய்கள் இருக்கிறார்கள் என்றார். அந்தக் கதையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குடிலைப் பார்க்கும்போதெல்லாம், கைலிக்கு அடியில் சிவப்புக் கோட்டு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அதே கதையைப் போன வருஷம் மாமியாரிடம் பீற்றிக்கொண்டேன். என் புகுந்த வீடு கொலு வைக்கிற வீடு. மாமியார் நல்ல மனுஷி, அதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு வயசு இருக்கும். இந்த மரப்பாச்சி கொள்ளுப்பாட்டியின் சீதனம், இந்தக் கடிகாரம் தாத்தா வாங்கியது என்பார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எங்கள் வீட்டிலும் வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள் இருக்கின்றன என்றேன். கைலியைப் பற்றி மூச்சு விடவில்லை. மாமியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அவ்வளவு பழசா? அடுத்த கொலுவுக்கு எடுத்துண்டு வாயேன். அதுக்குன்னே ஒரு படி விடறேன்" என்றார்.

நைனா அதற்கடுத்த ஆடி மாதம் போனார். காரியமெல்லாம் முடிந்ததும் நான் பொம்மைகளைக் கேட்டதற்கு இதுதான் காரணம். பாசமும் இல்லை, ஞாபகார்த்தமும் இல்லை. எனக்கு ஒரு கொலுப்படி காத்திருந்தது.

அம்மா பெட்டியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். துக்க வீடு என்பதால் இந்த வருஷம் வாசலில் ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் செய்யக் கூடாது, புதுத்துணி கிடையாது. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். "ஆனா குடில் வைப்பேன். யார் இன்னா சொன்னாலும் வைப்பேன். கிறிஸ்மஸுக்கு முன்ன இவங்கள பத்ரமா கொண்ணாந்துடணும் சொல்லிட்டேன். எனுக்கு இந்த வருஷம் வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சரிம்மா சரிம்மா என்று பெட்டியை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அவள் ஏன் அப்படி அழுத்திச் சொன்னாள் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம்.

வெறும் கேப்டன் கதையோடு போனால் போதாது, எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்தது என்று கச்சிதமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. இணையத்தில் தேடி, பழைய பொம்மைகள் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து படங்களைப் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். வாழ்நாள் முழுக்க ஈயச் சிப்பாய் சேர்த்தவராம். அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல கம்பெனிப் பொம்மைகள் உள்ளே கூடாக இருக்கும், உருக்கின ஈயத்தை அச்சில் ஊற்றி உடனே கவிழ்த்து விடுவார்கள், அதனால் தலையில் சின்னதாக ஓட்டை இருக்கும். கை தனியாகச் செய்து மாட்டியிருக்கும். காலடித் தட்டுக்குக் கீழே பெயரோ ஊரோ இருக்கும். "உங்க பொம்மைல பெயிண்ட் கனமா இருக்கு, ஒண்ணும் தெரியல. வெயிட் போட்டுப் பாருங்க. ஆனா ஒரு விஷயம் மேடம், பெயிண்டைத் தொட்டுடாதீங்க. மேல் பூச்சுக்கும் ஒரு கதை இருக்கும்" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. கைலிக் கதை எனக்குத் தெரியாதா, அந்தக் கதையை மறைக்கத்தானே நான் இவ்வளவு பாடுபடுகிறேன். நவராத்திரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கினேன். மேல் பூச்சு மட்டும் உரிந்து வரும், அடியில் சிவப்புக் கோட்டு பளபளவென்று நிற்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். ரிமூவரைத் தடவியதும் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பியது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட கைலி, நீலக் கைலி, ஊதாச் சட்டை, எல்லாம் குழம்பிச் சேறாகி வழிந்தது. அடியில் இன்னொரு கைலி வந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று. வருஷா வருஷம் அவர் மேலுக்கு மேல் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். சிவப்பு வரவே இல்லை. கடைசியில் சாம்பல் நிறத்தில் வெறும் ஈயம் வந்தது. முதல் பொம்மையோடு நிறுத்தியிருக்கலாம். இதில் இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். எனக்குப் பிடிவாதம் வந்தால் புத்தி வேலை செய்யாது.

அதில் ஒரு பொம்மைக்கு மட்டும் முகத்தில் மெல்லிய கறுப்புக் கோடாக மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. எறும்புக் கால் மாதிரி கோடு, இரண்டு வட்டம், காது வரைக்கும் போகிற கம்பி. புதுப் பெயிண்ட், ஒரே ஒரு பூச்சுதான் அது என்று நினைக்கிறேன். இடையனுக்கு எதுக்குய்யா கண்ணாடி என்று சிரித்தேன். என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்காரே, இதை விட்டுடேன்" என்றார். ஒன்று மட்டும் கைலியோடு நின்றால் கொலுவில் அசிங்கமாக இருக்கும் என்று சொல்லி அதையும் தேய்த்தேன். முகம் சின்னது என்பதால் பிரஷ் சரியாகப் படவில்லை. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, கண்ணாடியைக் கவனமாக எடுத்தேன்.

தேய்த்த பொம்மைகளைப் படம் எடுத்துக் கோயம்புத்தூர்ப் பெரியவருக்கு அனுப்பினேன். போன் பண்ணி வருத்தத்தோடுதான் சொன்னார். தலையில் ஓட்டை இல்லை, உள்ளே கூடும் இல்லை, கெட்டி ஈயம். கை உடம்போடு ஒட்டி வார்த்திருக்கிறது. பெயரும் இல்லை ஊரும் இல்லை. எல்லாப் பொம்மைக்கும் இடது முழங்காலில் ஒரே மாதிரி நசுங்கல் இருக்கிறது. "யாரோ ஒரு அசல் பொம்மையை மண்ணுல அமுக்கி அச்செடுத்து எல்லாத்தையும் வார்த்திருக்காங்க மேடம். ராயபுரம்னு சொன்னீங்க இல்லையா, மீன் வலைக்குக் கட்டற ஈயமா இருக்கும். வீட்டு வேலை. இதுக்கு அடையாளம்னா அந்தப் பெயிண்ட் ஒண்ணுதான். கைலி கட்டின சிப்பாயை நான் எங்கயும் பார்த்ததில்லை. அதுக்காகவே நேர்ல வரலாம்னு இருந்தேன்" என்றார். நான் நன்றி சொல்லி போனை வைத்தேன். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு.

மாமியாரிடம் இன்னும் சுத்தம் பண்ணுகிற வேலை முடியவில்லை என்றேன். அவர் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. எனக்கென்று விட்ட படியில் கடைசி நாளில் செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஒன்பது நாளும் வந்தவர்களுக்கெல்லாம் நான் சுண்டல் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம், "பசங்க பத்ரமா கீறாங்களா?" என்று பொம்மைகளை விசாரிப்பாள். கீறாங்கம்மா என்பேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஹார்பர் வாசலில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, பஸ் அசையவில்லை. அப்படியே நின்றுவிட்டால் தேவலாம் என்றிருந்தது.

வீட்டில் குடிலுக்கு வைக்கோல் வேய்ந்தாயிற்று, மாதாவும் சூசையப்பரும் மாடும் கழுதையும் இடம் பிடித்து நின்றார்கள். எண்ணூர் துறைமுகத்துக்கு டிரைலர் ஓட்டுகிற என் தம்பி அன்று லீவு போட்டு சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா பெட்டியை வாங்கித் திறந்தாள். ஒரு சிப்பாயை எடுத்தாள், முகத்தருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள், கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கடைசிப் பொம்மை வரைக்கும் இப்படியே பார்த்தாள். பிறகு முதல் பொம்மையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"கண்ணாடி போட்டவரு எங்கடி?" என்றாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அந்த ஒரு பொம்மைக்கு என்ன இப்போது என்று கேட்டேன். தம்பிதான் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறிப்போயிற்று.

"இன்னாக்கா பண்ணி வெச்சிகீற? அதுல ஒவ்வொருத்தரும் நம்ம ஆளுங்கக்கா. பச்சக் கட்டம் போட்டவரு பெரிப்பா. ஊதாச் சட்ட, கடலுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா. வூட்ல ஒர்த்தர் போய்ட்டா அந்த வருஷம் ஒரு பொம்மைக்கு அவுரு மூஞ்சி வரைவாரு. உனுக்குத் தெரியாதா? போன வருஷம் நைனா தானே உக்காந்து தன்ன வரைஞ்சிக்கினாரு. அடுத்த வருஷம் நா வூட்ல இல்லன்னாலும் இங்க குடில்ல கீறேன்னு சொல்லி தன் கண்ணாடியெல்லாம் போட்டு, அதோ மாட்டுக்குப் பக்கத்துல நிக்க வெச்சாரு."

தெரியாது எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து, கேக்கைக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்புகிறவள் நான். குடில் இருக்கிற மூலைக்குப் போனால் கைலிதான் கண்ணில் படும், அதனால் போகவே மாட்டேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கேப்டன் கொடுத்தது, உள்ளே சிவப்புக் கோட்டு இருக்கிறது என்று அவர் ஏன் பொய் சொன்னார், அதை நம்பித்தானே தேய்த்தேன் என்று கத்தினேன். செத்துப்போன மனுஷன் மேல் பழியைத் தூக்கிப் போட்டேன்.

அம்மா சத்தம் போடவில்லை. "உங்க தாத்தா வலைக்கு ஈயம் வாக்கறவரு. எங்கியோ குப்பைல ஒரு சிப்பாய் பொம்மை கெடச்சிது, அத்த வெச்சி இவ்ளோ பேர வாத்தாரு. கேப்டனும் இல்ல கப்பலும் இல்ல. நீதான் எவளோ சிரிச்சான்னு இஸ்கூல்லருந்து அழுதுகினு வந்தே. சோறு துன்ன மாட்டேன்னு குப்புற படுத்துகினே. உன்ன எழுப்பறதுக்கு சொன்னாரு, பாவம்" என்றாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு, பூமி அப்படியெல்லாம் பிளப்பதில்லை. அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பெயிண்ட் வாங்கி வருகிறேன், நானே வரைகிறேன் என்றான். "வேணாம்டா. நீ வரைஞ்சா அது நீ வரைஞ்சதாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அப்புறம் ஒரு பொம்மையை எடுத்து எனக்கு நேராக நீட்டினாள். "ஏம்மா, நீதானே தேச்சே. எது அவுருன்னு எதுனா ஞாபகம் கீதா?" என்று கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்தவர்கள், ஒரே முழங்காலில் ஒரே நசுங்கல். முகத்தில் எங்காவது ஒரு கறுப்புப் பொட்டு மிச்சமிருக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தேன்.

சாயங்காலம் எங்கள் சர்ச்சின் தெருக்குழுவான அன்பியத்திலிருந்து பெண்கள் ஜெபமாலை சொல்ல வந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் அடுப்பங்கரையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்து எல்லாரும் குடிலைப் பார்க்கிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போடுகிற பெண்ணின் குரல் கேட்டது.

"இன்னா யக்கா, உங்க வூட்டு கைலிக்காரங்கள காணோம்? எல்லாம் சாம்ப கலரா நிக்கிறாங்க?"

எனக்கு வடிகட்டி கையிலேயே நின்றுவிட்டது. இப்போது அம்மா சொல்லப்போகிறாள், என் பொண்ணு தேய்த்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாள், சொல்லட்டும் என்று நின்றேன்.

"துக்க வூடு இல்லியா," என்றாள் அம்மா. "நமக்கே இந்த வருஷம் புதுத்துணி கெடையாது. அவுங்களுக்கு மட்டும் எதுக்கு கலரு? பொண்ணுதான் கொண்டுபோய் எல்லாத்தியும் சுத்தமா எடுத்துகினு வந்தா."

அந்தப் பெண்கள் இதைக் கேட்டு உருகிப்போனார்கள். எவ்ளோ யோசிச்சிகீறா பாரு உன் பொண்ணு என்றாள் ஒருத்தி. அப்பா மேல உசுரு என்றாள் இன்னொருத்தி. என் வெட்கத்தை மூடுவதற்கு அந்த வீட்டில் எப்போதும் ஒரு பொய் தயாராக இருந்திருக்கிறது, ஒரு தடவைகூட நான் கேட்டு வாங்கியதில்லை. டீயை எடுத்துக்கொண்டு போக வேண்டும். தம்ளர்களில் ஊற்றித் தட்டில் அடுக்கினேன்.

இட்லிக் கடைக்காரி விடவில்லை. "அது சரிக்கா. ஆனா இன்னாத்துக்கு எல்லாரயும் தொட்டிலாண்ட ஒண்ணா நெருக்கி வெச்சிகீற? மாதாவே தெரில. எப்பவும் ஷோக்கா வரிசையா நிக்க வெப்பீங்களே."

அம்மா பதில் சொன்னாள். "அதுல ஒருத்தர் எங்க வூட்டுக்காரரு. யாருன்னு தெர்ல. அதான் எல்லாரயும் கிட்ட வெச்சிட்டேன்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். புருஷன் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். "அழாதக்கா, அவுரு ஆண்டவராண்டதான் கீறாரு" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அம்மா அழவில்லை, அவள் சொன்னதில் துக்கப் பேச்சும் இல்லை. உள்ளது உள்ளபடி சொன்னாள். என்னையும் தம்பியையும் தவிர அங்கே யாருக்கும் அது புரிந்திருக்காது, தட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது, நைனா நைனா என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன்.